குளிர்ப் பெட்டி, சூட்டுப் பெட்டி

இந்த லூர்து சொன்ன நேரத்துக்கு வந்தா மழை கொட்டிரும். டீ நேரத்துக்கு வந்திருதேன் மைனி, நான் வராம கதவைத் திறந்திராதீங்கன்னு போன்ல அத்தனை தடவை சொன்ன மனுஷன், இப்ப எந்த ஸ்டாப்புல நின்னு கழுத்தைத் துடைச்சுக்கிட்டு இருக்காரோ. அவரைச் சொல்லி என்ன, டீ நேரத்துக்குன்னு பேசிட்டு நான் ஏன் சாப்பிட்ட கை காயும் முன்ன ஓடி வந்து உக்காந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை. கத்திரி வெயில். ஒரு காக்கா கூட வெளிய இல்ல. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துகிட்டே, ரிடையர் ஆகப்போற நேரத்துல லீவு நாள்லயும் வரணுமா மரகதம் மேடம்னு கேட்டார். வரணும்யா, வேற எப்ப வர்றதுன்னு சொல்லிட்டுப் படியேறினேன். லீவு நாள்ல லேப்புக்கு ஏசி போட மாட்டாங்க. ஜாக்கெட் முதுகோட ஒட்டிக் கிடக்கு. எதிர்ல ரெண்டு பெட்டி. இடது பக்கம் குளிர்ப் பெட்டி, வலது பக்கம் சூட்டுப் பெட்டி. ரெண்டும் முனகிக்கிட்டே இருக்கு. ரெண்டுக்கும் கண்ணாடிக் கதவு கிடையாது, பழைய காலத்துப் பெட்டி, திறந்தாத்தான் உள்ள என்னன்னு தெரியும். உள்ள இருக்கிறது ஒரே மண்ணு. பூமியோட அடிக்கோடியில இருந்து வந்த மண்ணு. அதை உப்புத் தண்ணியில கலக்கி, கடல்பாசிக் கூழ் ஊத்தி உறைய வெச்ச தட்டுகள்ல தடவி, பாதியை இதுல, பாதியை அதுல வெச்சிருக்கேன். குளிர்ப் பெட்டியில முளைச்சா அது அந்த மண்ணோட உயிர், குளிரையும் வறட்சியையும் தின்னே கிடந்த உயிர். சூட்டுப் பெட்டியில முளைச்சா அது மனுஷனோடது. முப்பத்தேழு டிகிரி, நம்ம உடம்புச் சூடு. மனுஷ உடம்புல வாழ்ந்து பழகினதுதான் அந்தச் சூட்டுல சட்டுன்னு எந்திரிக்கும். இதுக்கு மேல இதுல ஒண்ணும் கிடையாது, இதைப் புரிஞ்சுக்கப் பட்டமும் வேண்டாம். புரிஞ்சு என்ன, கதவைத் திறக்கத்தான் கை வரல. குளிர்ப் பெட்டித் தட்டுகளைப் பொங்கல் முடிஞ்ச கையோட போட்டேன், அதுக மெதுவாத்தான் வளரும், மாசக் கணக்கா ஆகும். சூட்டுப் பெட்டியிலயும் அன்னைக்கே போட்டிருக்கணும். எந்தப் புதுப் பிள்ளை வந்தாலும் முதல் நாள் நான் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது, ரெண்டையும் ஒரே நாள்ல போடுன்னு. நான் போடல. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளித் தள்ளி, முந்தாநாள்தான், மிச்சம் இருந்த மண்ணை எடுத்து, மனசைக் கல்லாக்கிக்கிட்டுப் போட்டேன்.

பயம்னா என்ன பயம். அவர் மண்ணைத் தொட்டாரா இல்லையாங்கிறதுதான். ஆவுடையப்பன். என் வீட்டுக்காரர். அவர் எடுத்துட்டு வந்த மண்ணு இது. தொடாம இருக்கத் தெரியாத மனுஷன் அவர். ஊருக்குப் போனா பஸ்ஸை விட்டு இறங்கினதும் முதல்ல குனிவார். பெட்டி கீழ, நான் ஒரு பக்கம், குனிஞ்சு தரையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவார். அப்புறந்தான் ஆட்டோ, பேரம் எல்லாம். பாடம் எடுக்க மேடை ஏறும்போது படியைத் தொட்டு ஒத்திக்குவார். முதல் தடவை ப்ளேன்ல ஏறினப்ப அந்த இரும்புப் படியையும் விடல, பின்னால நின்ன ஆள், சார் எதையும் கீழ போட்டுட்டீங்களான்னு கேட்டார். காலு தெரியாம புத்தகத்துல பட்டுட்டா புத்தகத்தை, என் மேல பட்டுட்டா என்னை. தூக்கத்துல கூடத் தொட்டு ஒத்திக்கிட்டது உண்டு, சத்தியமா. லேப்புல எங்களுக்குள்ள சண்டைன்னா முக்காவாசி இதுக்குத்தான். கையுறை போடாம எதையாவது தொட்டுருவார். தட்டு மூடியைத் தூக்கி மோந்து பாப்பார், வாசனையை வெச்சே இது இன்னதுன்னு சொல்லிருவேன்னு பெருமை வேற. மூக்கை உள்ள விடாதீங்க, உங்க மூக்குல இருக்கிறதெல்லாம் அதுல முளைக்கும்னு நான் கத்துவேன். முளைச்சா முளைச்சிட்டுப் போகுது, அதுவும் உயிர்தானட்டின்னு சிரிப்பார். கோவமும் வரும், சிரிப்பும் வரும், எது முதல்லன்னு எனக்கே தெரியாது. அவர் கை எப்பவும் சூடு. மார்கழியிலயும் சூடு. சாயங்காலம் இங்க இருந்து பஸ்ல போகும்போது கூட்டத்துல யாருக்கும் தெரியாம என் கையைப் பிடிச்சுக்குவார், ரெண்டு ஸ்டாப் போறதுக்குள்ள உள்ளங்கை நனைஞ்சிரும். தள்ளுங்க, வேர்க்குதுன்னு உதறிருவேன். அவர் கம்பியைப் பிடிச்சுக்குவார், அடுத்த நாள் மறுபடி பிடிப்பார். எத்தனை சாயங்காலம். இந்த வெயில்ல அந்தச் சூட்டை நினைச்சா இப்பவும் உள்ளங்கை வேர்க்குது.

அந்தப் பயணம் நான் போக வேண்டியது. திட்டம் நான் எழுதினது. உயிரே இருக்காதுன்னு எல்லாரும் சொல்ற மண்ணுல உயிர் இருக்கான்னு எப்படிப் பாக்கிறதுன்னு ஒவ்வொரு படியா யோசிச்சது நான். மனு கையெழுத்தாகி வந்தப்ப எனக்கு மசக்கை. கப்பல் கிளம்பும்போது ஏழு மாசம். ஏழு மாச வயித்தோட அண்டார்டிக்கா போறேன்னா எங்கம்மா கப்பலுக்கு முன்ன படுத்திருப்பா. நீங்க போங்கன்னு நானே சொன்னேன். கோவா துறைமுகம் வரைக்கும் ரயில்ல போய் வழியனுப்பினேன். எல்லார் பொண்டாட்டியும் ஊறுகாய், முறுக்கு, விபூதின்னு கொடுத்து அழுதுகிட்டு இருக்காளுக, நான் கையுறை டப்பாவைக் கொடுத்து, ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு போடுங்க, கரண்டியைக் காகிதத்துல சுத்தி, கிருமி சாக வேக வெச்சிருக்கேன், எடுக்கிற அந்த நிமிஷம்தான் பிரிக்கணும், காத்து அடிக்கிற பக்கம் பாத்து நில்லுங்க, அப்பத்தான் உங்க மேல இருக்கிறது மண்ணுல விழாது, பேசாதீங்க, தும்மாதீங்க, எந்தக் காரணத்துக்கும் வெறுங்கையால தொடாதீங்கன்னு ஒப்பிச்சுக்கிட்டு இருந்தேன். சரிட்டி, சரிட்டின்னார். பக்கத்துல நின்ன லூர்துதான், மைனி, கப்பலைத் தொடலாமான்னு கேட்டார். லூர்து உவரிப் பக்கத்துக்காரர், கல்லு ஆராய்ச்சி. அன்னைக்குத்தான் முதல்ல பாக்கேன், அன்னைக்கே அண்ணி முறை வெச்சு மைனின்னுட்டார். கப்பல் நகர்ந்தப்ப இவர் கம்பி ஓரமா நின்னு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினார், கையில கையுறை மாட்டி இருந்தார், என்னைச் சிரிக்க வைக்க. சிரிச்சேன். ரயில் ஏறுற வரைக்கும் சிரிச்சேன், அப்புறம் மன்மாடு வரைக்கும் அழுதேன், இல்ல, மன்மாடு அந்த வழியிலயே வராது, எந்த ஸ்டேஷனோ, வெளிய மழை பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு, எதிர்ல இருந்த அம்மா ஒரு ஆரஞ்சை உரிச்சு கையில வெச்சா. அந்த ஆரஞ்சு வாசனை இப்பவும் வருது. மாசம் ஒரு தடவை ரேடியோவுல பேசலாம். ஒரு ஆள் பேசி முடிச்சு ஓவர்னு சொன்னாத்தான் அடுத்த ஆள் பேச முடியும். நல்லாருக்கேன், ஓவர். இங்க ராத்திரியே இல்லட்டி, ஓவர். நான் பிள்ளை பெத்து எந்திரிச்சுப் போய், பொண்ணு, ஓவர்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் போச்சுன்னு நினைச்சேன். அப்புறம் ஒரே கூச்சல், அங்க இருந்த அத்தனை பேரும் சுத்தி நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. இவர் குரல் மட்டும் காணோம். கடைசியில வந்து, உன்ன மாதிரியா என்ன மாதிரியா, ஓவர்னார். அதுக்கப்புறம் வீட்டுல வருஷக் கணக்கா அதே பேச்சு, லைட்டை அணைட்டி ஓவர், சாம்பார்ல உப்பு இல்ல ஓவர். எங்க பொண்ணு பூங்கோதை பள்ளிக்கூடத்துல டீச்சர்கிட்ட, வீட்டுப்பாடம் முடிச்சிட்டேன் ஓவர்னு சொல்லி அடி வாங்கிட்டு வந்தா.

வந்தப்ப தாடியும் கறுத்த மூஞ்சியுமா வந்தார். அந்த மண்ணைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். பனியே இல்லாத கல்லுக்காடு, நடுவுல மண்ணு, குருணை மாதிரி, துளி ஈரம் கிடையாது, கையில ஒட்டாது. எங்க ஊர் தேரி மணல்மேடு மாதிரியே இருக்குட்டி, என்ன, செவப்பு இல்ல, சாம்பல் நிறம், கால் புதையுறது அதே மாதிரின்னார். கையில ஒட்டாதுன்னு சொன்னாரா. சொன்னார். எப்பவோ ஒரு தடவை, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டே சொன்னார். நான் கேட்டுக்கிட்டே நின்னேன். கையில ஒட்டாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்கல. அந்தக் காலத்துல எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு சூட்டுப் பெட்டி. குளிர்ப் பெட்டி வாங்கக் காசு எங்க. இருக்கிற பெட்டியில வெச்சார், ரெண்டே நாள்ல முளைச்சது. துள்ளினார். லேப்புல நிலை கொள்ளாம நடந்தார். உயிர் இருக்குட்டி, அங்கயும் இருக்குன்னார். நானும் துள்ளினேன், பொய் சொல்லக்கூடாது. அடுத்த வருஷம் பெரிய கூட்டத்துல, நம்ம கீழ் மாடி ஹால்லதான், எழுந்து நின்னு படம் காட்டி விளக்கினார். முடிஞ்சதும் முன் வரிசையில இருந்த ஒரு பெரிய மனுஷர், பெயர் வேண்டாம், போய்ச் சேந்துட்டார், மெதுவா எந்திரிச்சார். ஏன்யா, காலங்காலமா உறைஞ்சு கிடந்த கிருமி மெட்ராஸ் சூட்டுல ரெண்டு நாள்ல எப்படிய்யா எந்திரிக்கும், இது அந்தக் கண்டத்துக் கிருமியா, உம்ம கட்டைவிரல் கிருமியான்னு கேட்டார். ஹாலே சிரிச்சது. இவரும் சிரிச்சார். அதுதான் என்னால இன்னைக்கும் தாங்க முடியல. அவங்க சிரிச்சதைத் தாங்கிக்கலாம். இவர் மேடையில நின்னு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, கூடச் சேந்து சிரிச்சாரே. அன்னைக்கு பஸ்ல என் கையைப் பிடிக்கல. அதுக்கப்புறம் அந்த மண்ணைப் பத்தி வீட்டுல ஒரு வார்த்தை கிடையாது. சாக்கடைத் தண்ணி, குடிதண்ணிப் பரிசோதனைன்னு வேற பக்கம் போயிட்டார். நான் கேட்கல. தொட்டீங்களான்னு ஒரு வார்த்தை. சமைக்கும்போது நாக்கு நுனி வரைக்கும் வரும், முழுங்கிருவேன். கேட்டா நானும் அந்த முன் வரிசையில உக்காந்த மாதிரி ஆகிரும்ல. அவரும் சொல்லல. பொண்ணு கல்யாணம் முடிஞ்சு, ஒரு நாள் காலையில பேப்பர் படிச்சுக்கிட்டே நெஞ்சைப் பிடிச்சவர்தான், ஆறு வருஷம் ஆச்சு. அந்த மண்ணுல ஒரு குழாய் மட்டும் பிரிக்காமலே பெரிய ஃப்ரீசர்ல மைனஸ் எண்பதுல கிடந்தது. ஃப்ரீசர் பழசாயிருச்சு, கழிக்கப் போறோம், உள்ள இருக்கிறதை எடுக்கணும்னா எடுங்கன்னு மார்கழியில சொன்னாங்க. ஐஸைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். சுண்டுவிரல் அளவு குழாய். இப்ப எங்ககிட்ட குளிர்ப் பெட்டி இருக்கு. அதுல முளைச்சிட்டா, ஒரே ஒரு புள்ளி முளைச்சிட்டாப் போதும், மாசக் கடைசியில அதே ஹால்ல என் பிரிவுபசாரக் கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லலாம், அவர் சொன்னது சரிதான்னு. அவர் பெயரைச் சொல்லிச் சிரிச்ச வாயெல்லாம் கேட்கட்டும். இந்த நாலு மாசமும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டு இருக்கேன், குளிக்கும்போது, காய் நறுக்கும்போது, பஸ்ல.

லூர்து வரலை. ஏதோ சொல்லணும்னு வேற சொன்னார் போன்ல, தட்டைப் பாக்க முன்னாடி ஒரு விஷயம் மைனின்னு. அவர் அன்னைக்கு அங்க பக்கத்துல நின்னவர். தெரிஞ்சிருக்கும் அவருக்கு. இவ்வளவு வருஷமும் தெரிஞ்சிருக்கும். நான்தான் வேண்டாம்னேன். தட்டு சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்கன்னு வெச்சிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன். மனுஷன் சொன்னா பாசத்துல கூட்டிக் குறைச்சுச் சொல்லுவான், தட்டுக்குப் பாசம் கிடையாது. சரி, இதுக்கு மேல உக்கார முடியாது. குளிர்ப் பெட்டியை மட்டும் திறந்தா அது வாக்குத் தவறினதாகுமா. ஆனா ஆகட்டும். கையுறை போட்டாச்சு. ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு. கதவைத் திறந்ததும் மூஞ்சியில சில்லுன்னு, ஆ, என்ன சுகம், இப்படியே தலையை உள்ள விட்டுக்கலாம் போல இருக்கு. முதல் தட்டு. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாத்தேன். ஒண்ணுமில்ல. ரெண்டாவது, ஒண்ணுமில்ல. ஒவ்வொண்ணா எடுத்து, சாய்ச்சு, கண்ணாடியைக் கழட்டி, மாட்டி, பூதக்கண்ணாடி வெச்சு. ஊத்தின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ஒரு தட்டுல ஒரு புள்ளி தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, பூதக்கண்ணாடியைக் கிட்ட கொண்டு போனேன், மணல், ஒரே ஒரு மணல். சாம்பல் நிறம், அவர் சொன்ன மாதிரியே. எல்லாத்தையும் திருப்பி அடுக்கிக் கதவைச் சாத்திட்டேன். அழுகை வரல. இந்த மண்ணுல என் வழியில தேடினா உயிர் கிடைக்கல, அவ்வளவுதான், வேற வழியில தேடினா வேற யாருக்காவது கிடைக்கும், விஞ்ஞானம்னா அதுதான்னு வாய் முணுமுணுக்குது. மனசு அங்க இல்ல. மனசு சூட்டுப் பெட்டிகிட்ட போய் நிக்குது. அதாவது காலியா இருக்கட்டும். அதுவும் காலின்னா அவர் தொடல. சரின்னு நிரூபிக்க முடியலன்னாலும் தொடலன்னாவது சொல்லலாம், அந்தப் பெரிய மனுஷர் கேட்ட கேள்விக்கு அது போதும். காலியா இருக்கணும், காலியா இருக்கணும். ஆனா காலின்னா காலிதானே. ரெண்டு பெட்டியும் காலி, குழாயும் தீந்துபோச்சு, ஃப்ரீசரும் போச்சு, நானும் மாசக் கடைசியில போறேன். அப்புறம் என்ன இருக்கு. என்னடா இது, முளைக்கக் கூடாதுன்னு வேண்டுறேனா, முளைக்கணும்னு வேண்டுறேனா. ஒரு சிட்டிகை மண்ணுகிட்ட போய் இப்படி மாத்தி மாத்திக் கேட்டா அதுதான் என்ன செய்யும்.

படியில செருப்புச் சத்தம். லூர்து மூச்சு வாங்க வந்து நின்னார், சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு, கையில ரெண்டு இளநி. வயசாயிருச்சு இவருக்கும், அன்னைக்குக் கப்பல்ல ஒத்தை நாடியா நின்ன ஆள். குளிர்ப் பெட்டியைத் திறந்துட்டேன், காலின்னு சொன்னேன். திட்டுவார்னு பாத்தேன், திட்டல. இளநியை மேசை மேல வெச்சிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தார். சூட்டுப் பெட்டிக் கதவை நான்தான் திறந்தேன். சூடா ஒரு காத்து வந்தது. மேல் தட்டை எடுத்தேன். தேடவே வேண்டியதில்ல. வெள்ளை வெள்ளையா, வட்டமா, தட்டு முழுக்க. அடுத்ததுலயும் அப்படித்தான். அதுக்கடுத்ததுலயும். மண்ணு தடவாத வெறும் தட்டு ஒண்ணு துணைக்கு வெச்சிருந்தேன், என் கையில இருந்து ஏதும் போயிருந்தா காட்டிக்கொடுக்கிறதுக்கு. அது சுத்தமா இருந்தது. அப்ப என்னோடது இல்ல. கை தானா வேலை செஞ்சது. ஒரு புள்ளியைத் தொட்டு, கண்ணாடிச் சில்லுல தேச்சு, தீயில காட்டி, ஊதாச் சாயம் போட்டுக் கழுவி, மைக்ராஸ்கோப்புல வெச்சுக் குனிஞ்சேன். ஊதா நிறத்துல குட்டிக் குட்டி உருண்டைங்க, கொத்துக் கொத்தா, திராட்சைக் கொத்து. படிக்கிற பிள்ளைங்க முதல் வருஷத்துலயே சொந்தக் கையைத் தேச்சுப் பாக்கிறது இதைத்தான். தோல்ல வாழுறது. எல்லார் தோல்லயும் வாழுறது. நான் நிமிரவே இல்ல. நிமிர்ந்தா லூர்து மூஞ்சியைப் பாக்கணும்.

"தொட்டாரா?" குனிஞ்சுகிட்டேதான் கேட்டேன்.

"தொட்டார் மைனி."

சொல்லுங்கன்னேன். சொன்னார். ஹெலிகாப்டரை விட்டு இறங்கினதும் ஆவுடை அண்ணாச்சி முழங்கால் போட்டார். வலது கையில இருந்த ரெண்டு உறையையும் பல்லால கடிச்சு இழுத்தார், வெறுங்கையால மண்ணைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். அந்தக் குளிர்ல கை விறைச்சுப் போகும்னு நாங்க கத்துறோம், அவர் கேட்கல, மறுபடியும் குனிஞ்சார்.

"ரெண்டாவது தடவை எதுக்குன்னு கேட்டேன். இது மரகதத்துக்கு, அவ வந்திருக்க வேண்டிய இடம்லா லூர்துன்னார்."

அதுக்கப்புறந்தான் அவருக்கு உறைச்சிருக்கு. அந்த இடத்தை விட்டு ரொம்பத் தூரம் தள்ளிப் போயிருக்கார், கையுறையை மாட்டிக்கிட்டு, காத்து அடிக்கிற பக்கம் பாத்து நின்னு, காகிதத்தைப் பிரிச்சு, பேசாம, தும்மாம, நான் ஒப்பிச்ச அத்தனையும் அப்படியே செஞ்சிருக்கார். அதுல ஒரு குறையும் இல்ல மைனி, நான் பக்கத்துலயே இருந்தேன்னு லூர்து சொன்னார். எனக்கு அங்கயே தெரிஞ்சு போச்சு. மாட்டினது அதே கையுறை. பல்லால கடிச்சு, கண்ணைத் தொட்ட கையால எடுத்து மாட்டின அதே கையுறை. டப்பா நிறையப் புதுசு கொடுத்து விட்டிருந்தேனே, ஒண்ணை எடுத்து மாட்டக் கூடாதா. இடம்தான் அசுத்தமாச்சுன்னு நினைச்சிருக்கார், பாவி மனுஷன், கையை நினைக்கல. அன்னைக்கு ஹால்ல எல்லாரும் சிரிச்சப்ப மைனி, நான் எந்திரிச்சுச் சொல்லியிருப்பேன், இல்ல, அந்த ராத்திரியே உங்ககிட்ட சொல்லியிருப்பேன், அண்ணாச்சி விடலன்னார் லூர்து. மரகதத்துகிட்ட மட்டும் சொல்லிராத, அவ பேரைச் சொல்லித் தொட்டதுதான் அவ சோதனையைக் கெடுத்துச்சுன்னு தெரிஞ்சா காலத்துக்கும் மறுகுவான்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாராம். லூர்து கைக்குட்டையை எடுத்து மூஞ்சியைத் துடைச்சார், வேர்வையைத் துடைக்கிற மாதிரி. அப்புறம், மாசக் கடைசியில ஹால்ல என்ன சொல்லப் போறீங்கன்னு கேட்டார்.

"உள்ளதைச் சொல்லுவேன். மண்ணுல ஒண்ணும் கிடைக்கல, கிடைச்சது என் வீட்டுக்காரர் கைன்னு."

சிரிப்பாங்களேன்னார். சிரிக்கட்டும், நானும் சேந்து சிரிப்பேன்னேன். அவர் எழுந்து, இளநியை வெட்ட வாட்ச்மேன்கிட்ட கத்தி இருக்கான்னு பாத்துட்டு வாரேன்னு ரெண்டையும் தூக்கிக்கிட்டுக் கீழ போனார். வெட்டாமலா வாங்கிட்டு வந்தார், லூர்து லூர்துதான். இந்தத் தட்டுகளை எல்லாம் இப்ப ஆவியில வேக வெச்சுக் கொன்னு குப்பையில போடணும். கெட்டுப்போன தட்டு ஒரு ராத்திரி கூட லேப்புல இருக்கக் கூடாதுங்கிறது நான் போட்ட சட்டம், அதுக்காக எத்தனை பேர் என்கிட்ட திட்டு வாங்கியிருக்காங்க. கொல்லணும். கொல்லலாம், லூர்து வரட்டும், இளநி குடிச்சிட்டுக் கொல்லலாம். உயிரோடதானே இருக்கு. இத்தனை வருஷம் அந்த ஐஸுக்குள்ள, கரண்ட் போய்ப் போய் வந்த அந்த ஓட்டை ஃப்ரீசருக்குள்ள, நான் தினமும் தாண்டிப் போற வராந்தாவுல, அவர் செத்து ஆறு வருஷத்துக்கு அப்புறமும், உயிரோட. கட்டைவிரல் கிருமி. ஆமாய்யா, கட்டைவிரல்தான், அவர் கட்டைவிரல், என் பேரைச் சொல்லித் தொட்ட கட்டைவிரல். கையுறையைக் கழட்டினேன். மேல ஒண்ணு, உள்ள ஒண்ணு. முப்பத்தஞ்சு வருஷத்துல வெறுங்கையால நான் ஒரு தட்டைத் தொட்டது கிடையாது. மூடியைத் திறக்கல, அவ்வளவு புத்தி கெட்டுப் போகல. தட்டை எடுத்து உள்ளங்கையில வெச்சு, மேல இன்னொரு கையை வெச்சு மூடிக்கிட்டேன். பெட்டிச் சூடு இன்னும் போகல. அதே சூடு. ஜன்னல்ல வெயில், முதுகுல ஜாக்கெட் ஒட்டிக் கிடக்கு, கொஞ்ச நேரத்துல உள்ளங்கை நனைஞ்சு போச்சு. வேர்க்கத்தான் செய்யுது. தள்ளுங்கன்னு நான் சொல்லல.